ஃபீடர் என்றால் யார்

சி ரூசா கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே ‘ஃபீடர்’ என்று ஒரு சொல் புழங்கியது. அகராதியைக் கேட்டால் ஊட்டுகிறவர் என்று சொல்லும். எங்களுக்கு அது தலைகீழ். கையால் எடுத்துச் சாப்பிட முடியாமல், பிறர் ஊட்டினால்தான் உண்டு என்று இருப்பவர்தான் ஃபீடர். அவர்களுக்கு ஊட்டி முடிக்க நேரமாகும் என்பதால் அவர்கள் தட்டு முதலில் போகும். “ஃபீடர் தட்டு போயிடுச்சா?” என்று நான் போடும் சத்தம் சாப்பாட்டுக் கூடம் வரை கேட்கும். முட்டை, வெங்காயம் என்று சொல்வதுபோலத்தான் அதையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஒரு காலத்தில் அவர் குரலுக்குத் தோட்டமே வேலைக்கு இறங்கியிருக்கும். இப்போது கை நடுக்கம். கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும். வந்த சில நாட்களில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, என்னை ஃபீடர், ஃபீடர்ங்கிறீங்களே, அப்படின்னா என்ன?”

“முதல்ல சாப்பாடு போற ஆளுங்கய்யா” என்றேன். அதுவும் உண்மைதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு நேரத்தோடு வந்து உட்கார ஆரம்பித்தார். உதவிக்கு இருக்கும் பெண் ஊட்டுவதைக்கூட ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்தும். ஆனாலும் சொல்லவில்லை.

அடுத்த மேசையில் வேறொரு தோட்டத்தின் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துத் தாத்தா இருக்கிறார். ஒருநாள் மதியம் தன் தட்டு தாமதமாகிறது என்று அவர் முணுமுணுத்தார். மண்டோர் சும்மா இருக்கவில்லை.

“நான் ஃபீடருங்க கிராணி. எனக்கு வந்தப்புறம்தான் உங்களுக்கு வரும்.”

கிராணி முதலில் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “தானாய்ச் சாப்பிட ஏலாதவனைத்தான் இங்க ஃபீடர் எண்டு சொல்லுறவை. உமக்குத் தெரியாதோ?”

கூடமே கேட்டது. நான் கதவருகே குழம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். மண்டோர் கிராணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு ஊட்டிய பெண்ணின் கையைத் தள்ளிவிட்டுக் கரண்டியைத் தானே பிடித்தார். பருப்பு சட்டை முழுக்க வழிந்தது. அப்படியே எழுந்து அறைக்குப் போய்விட்டார்.

அன்று இரவும் சாப்பிடவில்லை, மறுநாள் காலையிலும் இல்லை. மத்தியானம் சோற்றைக் கட்டியாகப் பிசைந்து, கையில் பிடிக்கிற மாதிரி சின்னச் சின்ன உருண்டைகளாக்கி எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“ஐயா, தப்பு எம்மேலதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“நீயும் எஸ்டேட்டுப் பொண்ணுதானே. என்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா, நான் பெருமை பேசியிருப்பேனா?”

தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து ஓர் உருண்டையை எடுத்தார். நடுங்கினாலும் அது சிந்தவில்லை. இரண்டு சாப்பிட்டதும் கை ஓய்ந்துவிட்டது.

“மிச்சத்தை நீயே ஊட்டிடும்மா. கதவை மட்டும் சாத்திடு” என்றார்.

இப்போது சமையலறையில் மேசை எண்ணைத்தான் சொல்கிறோம். பழக்கத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் நான் திட்டிவிடுகிறேன். சமையலறைப் பெண்கள் எல்லாம் அதை என்னிடமிருந்துதானே கற்றுக்கொண்டார்கள் என்று அப்புறம்தான் தோன்றும். கிராணி ஒருமுறை மண்டோரின் அறைவாசல் வரை போய், கூப்பிடாமலே திரும்பி வந்தார்.

மண்டோர் இன்னும் கூடத்துக்கு வருவதில்லை. தினமும் நான்தான் தட்டை எடுத்துப் போகிறேன். முடிந்தவரை அவரே சாப்பிடுகிறார். என் கை நீளும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறார்.