பற்றரியைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வதி அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை வசந்தியின் அழைப்பு வந்தது. "அவங்க போயிட்டாங்க மாமா" என்றாள். "எவங்கள் பிள்ளை? எங்கை போயிட்டாங்கள்?" என்று கேட்டேன். மறுமுனையில் அழுகை சற்று நின்றது. பிறகு அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வசந்தியின் தாயார், முள்ளியவளைப் பார்வதி அக்கா, காலமாகிவிட்டார். 'அவங்க' என்ற அதே சொல்லை நான் இரண்டாம் முறையும் பிழையாக விளங்கியிருக்கிறேன். முதல் முறை நடந்ததைச் சொன்னால், அக்காவை அறியாதவர்களுக்கும் அவரைத் தெரிந்துவிடும்.

அக்காவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியது; அவர் பேசியதும் மலையகத் தமிழ். கணவரின் அரிசி ஆலையில், டீசல் எஞ்சினைக்கொண்டு பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது அக்காவின் பொறுப்பு. ஊருக்கு மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில், தாமோதரம் அண்ணர் வீட்டுத் தொலைக்காட்சி அக்கா கொண்டுவரும் பற்றரியில்தான் ஓடியது. ஞாயிறு பின்னேரங்களில், தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, புள்ளி புள்ளியாக, 'பதினேழாம் நம்பர் வீடு' என்ற தொடர் வரும். மொத்தம் பதின்மூன்று வாரம். இன்றைக்குத் தமிழ்நாட்டுக்காரரிடம் விசாரித்தால், அப்படியொரு தொடரா என்று எங்களையே கேட்கிறார்கள். எங்களுக்கோ அது உயிர். பல பேர் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில், வீட்டுக்கார அம்மாவின் கழுத்து அட்டியல் களவு போய்விட்டது, எடுத்தது யார்? கதை அவ்வளவுதான். சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டிக்கொண்டு, அமிலம் தெறித்து ஓட்டை விழுந்த சேலையோடு அக்கா வருவார். ஒரு கிழமையும் பிந்தியதில்லை.

பதின்மூன்றாம் வாரம் பற்றரி இறங்கி, படம் சுருங்கத் தொடங்கியது. துப்பறிபவர் வாயைத் திறந்த நேரம் படம் மறைந்து, குரல் மட்டும் வந்தது: "அவங்கதான் எடுத்தாங்க." அதோடு குரலும் போய்விட்டது.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'அவங்கள்' என்றால் பல பேர், அதுவும் மரியாதை கெட்ட பல பேர். மேல்மாடியில் குடியிருந்த அண்ணன் தம்பி இருவரும்தான் கள்ளர் என்றேன் நான். இல்லை, குடியிருந்த அத்தனை பேரும் கூட்டு என்றார் தாமோதரம் அண்ணர். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு அப்போது இருபது வயது, நாக்கு நீளம். "அக்கா, உங்கடை தமிழ் எங்களுக்கு விளங்காது. நீங்கள் பற்றரியைப் பாருங்கோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

அதன்பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நானும் அண்ணரும் சண்டை பிடித்தோம். இடம்பெயர்ந்து கூடாரங்களில் கிடந்தபோதுகூட, சோற்று வரிசையில் நின்றபடி அண்ணன் தம்பியா, அத்தனை பேருமா என்று வாதாடினோம். அக்காவிடம் கேட்டால், "நான் பற்றரியைப் பார்க்கிறேன் தம்பி" என்பார். பகிடி விடுகிறார் என்று நினைத்தோம்.

போன வருடம், வெளிநாடு போனவர்களையும் சேர்த்து, தொடருக்கென்று வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். பதினொரு பேர். உலகத்தில் அந்தத் தொடருக்கு உள்ள ரசிகர்கள் அவ்வளவும் நாங்கள்தான் போலிருக்கிறது. மூன்றாம் நாளே பழைய சண்டை மூண்டது. அப்போது அக்காவின் குரல் பதிவு வந்தது.

"தம்பி, பற்றரியைப் பார்த்து முடிச்சிட்டேன். இப்ப சொல்லவா? அவங்கன்னா ஒரு ஆளுதான். வீட்டுக்கார அம்மா. பெரியவங்களை நாங்க மரியாதையா அப்பிடித்தானே சொல்லுவோம்."

குடியிருந்தவர்களை வீட்டைவிட்டுக் கிளப்பத் தன் அட்டியலைத் தானே ஒளித்திருக்கிறாள் அந்த மனுசி. நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். கடைசியில் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டேன். நேரில் போய்ச் சொல்வோம் என்று நாளைக் கடத்தினேன். நான் இருக்கிற தண்ணீரூற்று ஊரிலிருந்து அவர் வீடு சைக்கிளில் பத்து நிமிடம். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை குழுவுக்கு அறிவிக்கவேண்டிய கடமை என் தலையில் விழுந்தது. 'பார்வதி அக்கா மோசம் போயிட்டா' என்று, சாவைச் சொல்லும் எங்கள் ஊர் வழக்கில் எழுதினேன். அதை அழித்துவிட்டு, 'அவங்க போயிட்டாங்க' என்று எழுதி அனுப்பினேன். எவங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாமோதரம் அண்ணர் மட்டும் பதில் போட்டார்: "ஓம் தம்பி. ஒரு ஆள்தான். ஆனால் கனபேர் போனமாதிரிக் கிடக்கு."

மன்னிச்சுக்குங்க அக்கா. உங்க தமிழ் எங்களுக்கு விளங்குது. போயிட்டு வாங்க. பற்றரியை இனி நாங்க பார்க்கிறோம்.