பிராக் நகரில் ஒரு டாக்ஸிப் பந்தயம்

நியூ ஜெர்ஸியின் பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டிலிருந்து நியூவர்க் விமான நிலையம் காரில் முக்கால் மணி நேரம். டிசம்பர் கடைசி வாரம், பள்ளி விடுமுறை. அந்த முக்கால் மணி நேரத்துக்குள் நானும் என் கணவர் பிரபுவும் ஒரு பந்தயம் கட்டிவிட்டோம். பிராக் நகரில் இருக்கும் ஐந்து நாளும் ஒரு டாக்ஸிகூட ஏறாமல், இரண்டு பிள்ளைகளையும் நடக்கவைத்தே ஊரைக் காட்டுவேன் என்றேன். முடியாவிட்டால் அடுத்த கோடைக்கு, எடிசன் நகரில் இருக்கும் அவருடைய நண்பர் பட்டாளத்தோடு சொகுசுக் கப்பலில் போக வேண்டும். ஒரு வாரம், ஐந்து குடும்பம், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட்.

கப்பல் கிடக்கட்டும். என் உண்மையான வயிற்றெரிச்சல் வேறு. அக்டோபரில் ஒரு பூசணித் தோட்டத்துக்குப் போயிருந்தோம். காரை நிறுத்திவிட்டு, அதோ தெரியுது பார் தோட்டம் என்று காட்டினேன். ஐந்து வயதுக் கவின் என்னை நிமிர்ந்து பார்த்து, “விச் கார் வில் டேக் அஸ் தேர்?” என்றான். வீட்டுக் கராஜில் ஏறி, பள்ளி வாசலில் இறங்கி வளர்கிற பிள்ளை. கால் எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் வளர்த்துவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவனை நடக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான் இந்தப் பயணம்.

முதல் நாள். மியூனிக்கில் விமானம் மாறி, முற்பகலில் பிராக் வந்து இறங்கினோம். பஸ்ஸும் மெட்ரோவும் பந்தயத்தில் சேராது என்று பேசி வைத்திருந்ததால் அவற்றில் ஏறி ஓட்டலுக்கு வந்தோம். வெளியே மைனஸ் ஆறு டிகிரி. நியூ ஜெர்ஸிக் குளிரையே பார்த்தவர்கள் நாங்கள், இதெல்லாம் ஒரு குளிரா என்று பெட்டி அடுக்கும்போது நான் பீற்றிக்கொண்டது என்னவோ உண்மைதான்.

பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பியபோது, வரவேற்பில் இருந்த பெண், என் பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்தாள். “குழந்தைகளின் கோட்டு வேறு பெட்டியில் வருகிறதா?” என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டாள். அவர்கள் போட்டிருந்ததுதான் கோட்டு. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு கார் சீட்டில் உட்காரவைத்தால் பெல்ட் சரியாக இறுகாது. அதனால் டேகேர் நாளிலிருந்தே எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைக்கு மெல்லிய ஃப்ளீஸ் ஜாக்கெட்டை மாட்டி, காரில் ஹீட்டரைப் போட்டுவிடுவோம். அதே ஜாக்கெட்டை மடித்து, பெருமையாக ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

ஓட்டலிலிருந்து பழைய நகரச் சதுக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பாதி வழியிலேயே கவினின் மூக்கு தக்காளியாகிவிட்டது. எட்டு வயது யாழினி பல் கிடுகிடுக்க, “அம்மா, மை இயர்ஸ் ஆர் கான்,” என்றாள்.

“இத்தனை வருஷமா கோட்டுன்னு நம்ம காரைத்தான் போட்டுட்டு சுத்திருக்கோம்டி,” என்றார் பிரபு. உடனே கையில் போன். “டாக்ஸி புக் பண்ணட்டா?”

“போனை உள்ள வைங்க!”

பக்கத்தில் தெரிந்த துணிக்கடைக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்கார அம்மாள் கவினின் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார். அவர் பேசியது செக் மொழி. எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் நீயெல்லாம் ஒரு தாயா என்பது முதல் அத்தனையும் பளிச்சென்று புரிந்தது. திட்டிக்கொண்டே இரண்டு பேருக்கும் கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டார். பிரபு சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் ஒரு தொப்பியை அழுத்தி மாட்டியபோதுதான் ஆட்டம் நின்றது.

இரண்டாம் நாள். சார்லஸ் பாலத்தைக் கடந்து மலைமேல் இருக்கும் கோட்டைக்குப் போவது திட்டம். சதுக்கத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். பாலத்தில் இருபுறமும் கருத்த சிலைகள், கீழே வல்டாவா ஆறு, மேலே ஊளையிடும் காற்று. பாலம் பாதி தாண்டியதும் கவின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். “ஐ ஆம் டன்.” தண்டில் சுற்றிச் சுட்ட சர்க்கரை ரொட்டி, விலை நூற்றைம்பது கொருனா, வாங்கிக் கொடுத்தோம். உட்கார்ந்தபடியே சாப்பிட்டு முடித்தான். எழுந்திருக்கவில்லை. பிரபு போனை எடுத்து, என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி துடைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆற்றில் வீசியிருப்பேன்.

காப்பாற்றியவள் யாழினி. இந்த ஊர் நடைபாதை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சின்னச் சின்னச் சதுரக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பாலத்தின் கோடியைக் காட்டி, “கவின், அங்க வொயிட் எல்லாம் லாவா, கால் வெச்சா சுட்டுடும். பிளாக்ல மட்டும்தான் கால் வைக்கணும். யூ காண்ட் டூ இட்,” என்றாள். அவ்வளவுதான். எழுந்தவன் பாலத்தைத் தாண்டித் தெருத் தெருவாகக் குதித்தான். கல்லின் நிறம் மாறாத தெருவில் அவனே புதுச் சட்டம் போட்டுக்கொண்டான். கோட்டைப் படிகளில் அவர்கள் ஏறிய வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. நூறாவது படியில் பிரபு கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு, “நான் வியூ பாத்துட்டிருக்கேன்,” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை.

கோட்டையை விட்டு வெளியே வந்தபோது மணி நாலரை. இருட்டிவிட்டது, பனியும் கொட்ட ஆரம்பித்திருந்தது. நான் போட்டோவுக்காக வாங்கிய குதிகால் பூட்ஸ் போட்டிருந்தேன். பிரிட்ஜ்வாட்டரில் அது நடந்த அதிகபட்ச தூரம் கோயில் பார்க்கிங் லாட். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, உயிர் போகிற வலி. இறங்க வேண்டிய படிகளைப் பார்த்தேன். என் வாயிலிருந்தே அது வந்துவிட்டது.

“என்னங்க... ஒரு டாக்ஸி...”

பிரபுவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. “யாழினி, கேட்டியா? அம்மா வாயாலயே சொல்லிட்டா!” போன் திறந்தாயிற்று.

“நோ!” என்று கத்தினான் கவின். “வீ ஆர் வாக்கிங்!” பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினான். “அம்மா, பிளாக்ல மட்டும் வை. வலிக்காது.”

அவனாகப் பேசிய தமிழ்! வலி பறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், அது அங்கேயேதான் இருந்தது. ஆனாலும் படி படியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கினேன். டாக்ஸி ஏறாததால் ஜெயித்தது நான் என்பது என் கட்சி. கேட்டதுமே தோற்றாய் என்பது அவர் கட்சி. மீதி நாளெல்லாம் நடந்தோம், விமானத்திலும் வாதாடினோம், தீர்ப்பு வரவில்லை.

ஊர் திரும்பி முதல் ஞாயிற்றுக்கிழமை. புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்ற கவின், லைப்ரரிக்கு நடந்து போகலாம் என்றான். ஒன்றரை மைல். எங்கள் தெருவில் யாரும் எங்கேயும் நடந்து போய் நான் பார்த்ததில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிரபுவை எழுப்பாமல் மூவரும் கிளம்பினோம். பத்து நிமிடத்தில் ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. அடுத்த தெரு மாலதி ஆன்ட்டி.

“என்னம்மா ஆச்சு? கார் பிரேக்டவுனா?”

“இல்ல ஆன்ட்டி, சும்மா நடந்து போறோம்.”

“இந்தக் குளிர்லயா? குழந்தைங்களோடயா?” ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார். “வீட்ல ஏதாவது சண்டையா? ஏறு வண்டில. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்.”

எவ்வளவோ சொல்லியும் அவர் போகவில்லை. அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. பிரபு.

“ஆன்ட்டி கால் பண்ணாங்க. நீ கோச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டியாமே?”

“கவின் நடக்கணும்னான், நடக்கறோம்.”

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. “அங்கயே நில்லுங்க. நானும் வரேன்.”

“கார்லயா?”

“இல்லடி. நடந்துதான்.”

கம்பளித் தொப்பியோடு மூச்சு வாங்க ஓடிவந்தார். அவர் என் கையைப் பிடித்ததும் ஆன்ட்டி கார்க் கண்ணாடியை இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சமாதானம் ஆயிட்டீங்கல்ல? இப்பவாவது வண்டில ஏறுங்கப்பா!”

“நோ தேங்க்ஸ், ஆன்ட்டி,” என்றார் பிரபு.