குடிபூரலுக்கு வராத பிள்ளையார்

எங்கள் வீட்டில் வீடு மாறுவதென்றால் முதலில் கிளம்புகிறவர் பிள்ளையார்தான். லண்டன் வால்தம்ஸ்டோவில் நான் பிறந்த ஒற்றை அறையிலிருந்து கோலியர்ஸ் வுட்டுக்குப் போனபோதும், அங்கே கடைக்கு மேலிருந்த மாடிவீட்டை விட்டுக் கிங்ஸ்பரிக்கு வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. அம்மா சுவாமிப் படத்தைத் தன் பழைய சேலையொன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரின் முன்சீட்டில் இருப்பார். உப்பும் மஞ்சளும் அவர் காலடியில் ஒரு பையில் இருக்கும். புது வீட்டில் படத்தை வைத்து, பாலைப் பொங்கவிட்டு, ஆளுக்கொரு மிடறு குடித்த பிறகுதான் கட்டில், மேசை, மற்றச் சாமான்கள் எல்லாம் உள்ளே போகலாம். அதன்பிறகு பழைய வீட்டுப் பக்கம் நாங்கள் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான்: பிள்ளையார் போகிற இடம்தான் இனி எங்கள் இடம், விட்ட வீடு விட்டதுதான்.

ஆகவே, ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்துக்கு வெளியே ஒரு வீடு வாங்கப்போவதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைக் குழைத்தபடியே அப்பா சொன்னபோது, நான் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. லண்டனில் எல்லோருக்கும் வீட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. குடியிருக்கும் வீட்டை ஈடு காட்டி இன்னொரு வீடு வாங்கினார்கள். வெள்ளைக்காரர்கள் ஸ்பெயினில் வாங்கினார்கள். எங்கள் ஆட்கள் கொழும்பு வெள்ளவத்தையில் பிளாட் வாங்கிப் பூட்டிவைத்துவிட்டு, அதன் புகைப்படத்தைக் கலியாண வீடுகளில் கைமாற்றிக் காட்டினார்கள். அப்பாவோ பஸ் ஓட்டுகிறவர். வாரத்தில் ஆறு நாள் ஷிப்ட். ஏழாவது நாள் தூங்குவார், அதுவும் அறைக்கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான். எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் முழுதாகச் சாத்த அவர் விடுவதில்லை. குளியலறைக் கதவுகூட அவர் உள்ளே இருக்கும்போது ஒரு விரற்கடை திறந்தே இருக்கும். அம்மாவின் தம்பியான என் மாமா இதைச் சொல்லிச் சொல்லியே வயிறு வலிக்கச் சிரிப்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஆனால் கதவைச் சாத்தமாட்டார்.

அம்மா ஒரேயடியாக மறுத்தார். “உங்களுக்கென்ன விசரே? இந்த வீட்டுக் கூரையே ஒழுகுது. ஊரிலை வீடு வளவு கிடக்கு. சனமெல்லாம் கொழும்பிலை வாங்குது. ஒரு தமிழ்க் குஞ்சும் இல்லாத இடத்திலை எங்களுக்கென்ன வீடு?”

அப்பா வாதாடவில்லை. வாங்கத்தான் வேணும் என்று மட்டும் சொன்னார். இந்தக் கதை இரண்டு மாதம் நடந்தது. மாமா வருகிற நேரமெல்லாம் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். “அத்தான் இனிக் கோடைக்கு ஒரு மாளிகை, மாரிக்கு ஒரு மாளிகை எண்டு இருக்கப்போறார். நாங்கள் காணிறதெண்டால் ஓலை அனுப்பிக் கேக்கவேணும்.” எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுக்கும்வரை எனக்குப் பயமில்லை. என் பள்ளிக்கூடமும், பக்கத்து வீதியிலிருந்த என் சிநேகிதியும், அவர்கள் வீட்டுப் பூனையும் அம்மாவின் பிடிவாதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒருநாள் பின்னேரம் அம்மா அடுப்பிலிருந்த கறிச்சட்டியை இறக்கிவிட்டு அப்பாவைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் வீட்டில் அந்தக் கதவு சாத்தப்பட்டதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வெளியே நின்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். அப்பாவின் குரல் மட்டும் தாழ்வாகக் கேட்டது, வார்த்தைகள் பிடிபடவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து அம்மா வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. நேரே போய்த் தொலைபேசியை எடுத்துக் கோயில் ஐயரிடம் புது வீட்டுக் குடிபூரலுக்கு ஒரு நல்ல நேரம் கேட்டார். என் கட்சியில் இருந்த ஒரே ஆளும் அந்தப் பக்கம் போய்விட்டார். எனக்கு அம்மா மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்கு முன் பால் பொங்கவேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது லண்டன் நேரமோ ஹங்கேரி நேரமோ என்று மாமா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அம்மா திரும்பவும் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். ஐயரும் ஒருநாள் அவகாசம் கேட்டு யோசித்து, அடுப்பு எங்கே எரிகிறதோ அந்த ஊர் நேரம்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா பெட்டி அடுக்கினார். உப்பு, மஞ்சள், கற்பூரம், ஒரு சின்னப் பானை. கடைசியாகச் சுவாமித் தட்டிலிருந்து பிள்ளையாரை எடுத்துச் சேலையில் சுற்றினார். மூன்று நாள் உடுப்புத்தான் வைத்தார் என்பது என் கண்ணில் படவேயில்லை. கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்தபோதும் முதல் நாள் அவ்வளவுதான் கொண்டுவந்தோம், மிச்சம் பிறகு வான் வண்டியில் வந்தது. போகப்போகிறோமா, திரும்பி வருவோமா என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் தெளிந்திருக்கும். ஆனால் பெரியவர்கள் தீர்மானித்த பிறகு கேள்வி கேட்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். சேலைக்குள்ளிருந்து படத்தை உருவி எடுத்து, அதே பருமனில் என் கணக்குப் புத்தகத்தைச் சுற்றி வைத்தேன். பிள்ளையாரை என் கட்டிலில் படுக்கவைத்துக் கழுத்துவரை போர்வையால் மூடினேன். தும்பிக்கையில் தொட்டுக் கும்பிட்டு மன்னிப்பும் கேட்டேன். அவர் இங்கே இருக்கும்வரை நாங்களும் இங்கேதான் என்று எனக்குள் ஒரு தைரியம் வந்தது.

அன்றிரவு புடாபெஸ்ட் நகரத்தில் ஒரு மலிவான ஹோட்டலில் தங்கினோம். மாமாவும் கூட வந்திருந்தார். புதிதாக வாங்கிய வீடியோ கேமராவுடன் விமான நிலையத்துக் கழிவறை வாசலைக்கூட விடாமல் படம்பிடித்தார். விடிந்ததும் ஒரு வான் பிடித்து மலைச்சரிவொன்றில் ஏறினோம். வான் சாரதிக்கு ஆங்கிலம் தெரியும். தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் சனி ஞாயிறுகளில் வந்து தோட்டம் செய்வதற்காக, பழைய கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் ஆளுக்கொரு துண்டு நிலம் கிடைத்த இடம் அது என்றார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு அறையும் பரணும் கொண்ட சின்ன வீடு, நாலைந்து பழமரங்கள். இப்போது நகரத்தில் காசு பார்த்தவர்கள் அவற்றை வாங்கி இடித்துவிட்டுப் பெரிய வீடுகள் கட்டி நிரந்தரமாகவே குடிவருகிறார்களாம். மலையின் மேற்பகுதி முழுக்கச் செம்மஞ்சள் ஓட்டுக் கூரைகள் புதிதாக மினுங்கின. கீழ்ப்பகுதியில் இன்னும் பழைய குடில்கள் இருந்தன. அப்பாவின் வீடு அந்த எல்லையில், பிளம்ஸ் மரங்களுக்கு நடுவில் நின்றது.

அப்பா புகைப்படத்தில் மட்டும் பார்த்து வாங்கிய அந்த வீட்டை விற்ற கிழவர் சாவியுடன் வாசலில் காத்திருந்தார். பஸ் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். அப்பா பஸ் ஓட்டுகிறவர் என்று சாரதி சொன்னதும் மறுபடியும் ஒருமுறை கைகுலுக்கினார். பையிலிருந்து ரொட்டி எடுத்து நீட்டினார். அப்பா அவருடைய மொழியிலேயே ரொட்டி என்றார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கிழவருக்கும்தான். வேறென்ன தெரியும் என்று சிரித்தபடி கேட்டார். தண்ணீர், சத்தம் போடாதே, நாளைக்கு என்று மூன்று சொல் சொல்லிவிட்டு அப்பா கையை விரித்தார். கிழவரின் சிரிப்பு நின்றுவிட்டது. என் அப்பாவுக்கு ஹங்கேரி மொழி தெரியும் என்ற பெருமையில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அப்பா சாரதி மூலமாக ஒன்று கேட்டார். மேலே, பச்சை இரும்பு வாசற்கேற்றும் வெளிப்பக்கமாக ஏணியும் உள்ள ஒரு வீடு இருந்ததே, அது இப்போது எங்கே? கிழவர் மேலே கையைக் காட்டினார். அதை இடித்து இரண்டு வருடமாகிவிட்டது, அந்தப் புது வீடுகளின் இடம்தான் அது. அப்பா நம்பாமல் திரும்பவும் கேட்டார். சுவர்கூட மிச்சமில்லையா? ஒரு கல்லுக்கூட இல்லை என்றார் கிழவர். அப்பா அந்தச் செம்மஞ்சள் கூரைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கே ஒரு பெண் மாடி முகப்பில் மெத்தைவிரிப்புகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். மாமா கேமராவை இறக்கிவிட்டார்.

நேரம் எட்டு நாற்பது. அம்மா அடுப்பைப் பற்றவைத்துப் பானையில் பாலை ஊற்றிவிட்டு, பிள்ளையாரை வைக்கச் சேலையைப் பிரித்தார். உள்ளிருந்து கணக்குப் புத்தகம் வந்தது.

அம்மா கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அவர் வரமாட்டன் எண்டிட்டார். இந்த இடத்துக்கு வர அவருக்கே விருப்பமில்லை. அப்பா, நாங்கள் போயிடுவம்,” என்றார். எங்கள் பக்கத்தில் மனைவி கணவனை அப்பா என்று கூப்பிடுவது வழக்கம்தான், ஆனால் அந்தக் குரலில் அம்மா கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோனது. அவர் சாவியை மேசையில் வைத்தார். நான் நினைத்தது நடந்துவிட்டது. இந்த வீடு இல்லை, கிங்ஸ்பரிதான். ஆனால் அப்பாவின் வெறுங்கையைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பிள்ளையார் என்ரை கட்டிலிலை படுத்திருக்கிறார்,” என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனீ?” என்று அப்பா என் முன்னால் குந்தினார்.

“அவர் வந்தால் நாங்கள் திரும்பிப் போகமாட்டம். எனக்கு இஞ்சை இருக்க ஏலாது. எனக்குத் தண்ணிகூடக் கேக்கத் தெரியாது.”

மாமாதான் முதலில் வெடித்துச் சிரித்தார். அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். நாளை பின்னேர விமானம், எங்கள் நாலு பேரின் பெயரும் வரிசையாக இருந்தன. “திங்கக்கிழமை உனக்குப் பள்ளிக்கூடம். எனக்கு விடிய ஷிப்ட். இது சும்மா கோடையிலை வந்து போறதுக்கு. விளங்குதே?” எனக்கு நன்றாகவே விளங்கியது. இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த ஒரு தாளில் இறங்கிப்போனது. ஒரு வீட்டை விடாமலே இன்னொரு வீடு வைத்திருக்கலாம் என்பது என் வாழ்க்கையில் அன்றுதான் தெரிந்தது.

என்னைவிட நிம்மதி அம்மாவுக்குத்தான். “அப்ப அவர் வரமாட்டன் எண்டு நிக்கேல்லை, உவள்தான் விடேல்லை,” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அழுதார், என் முதுகில் இரண்டு போட்டார். மஞ்சள்தூளை உள்ளங்கையில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு நிமிடத்தில் பிள்ளையாராகப் பிடித்தார். அறுகம்புல்லுக்கு எங்கே போவது என்று அம்மா கேட்கும்போதே அப்பா வெளியே ஓடி, பிளம்ஸ் மரத்தடியில் கிடந்த ஏதோ ஒரு புல்லைப் பிடுங்கிவந்து பிள்ளையாரின் தலையில் குத்தினார். ஒன்பதுக்கு நாலு நிமிடம் இருக்கையில் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. கிழவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். சீனி போதாது என்று சைகை காட்டினார்.

பாலைப் பாதி குடித்ததும் அப்பா சாவியை எடுத்துக்கொண்டு வாசற்கதவுக்குப் போனார். உள்ளே நின்றபடி கதவைச் சாத்தினார். முழுதாகச் சாத்தினார். சாவியைப் போட்டுப் பூட்டினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திறந்தார். மறுபடியும் பூட்டினார், திறந்தார். ஐந்தாறு தரம் செய்திருப்பார். பால் ஆறுகிறதென்று யாரையும் விரட்டாமல் விடாத அம்மா, அப்பாவின் பாதிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பூட்டுப் பழுதோ அப்பா?” என்று கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. நல்ல பூட்டு. உள்ளுக்கு நிண்டு பூட்டலாம், உள்ளுக்கு நிண்டே திறக்கலாம்.” சாவியை என்னிடம் தந்தார். நானும் பூட்டித் திறந்து பார்த்தேன். இவ்வளவு சந்தோஷப்பட அதில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, ஆனால் அப்பா சந்தோஷமாக இருந்தார், எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று மத்தியானம் அவர் அந்த வீட்டில் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினார்.

போன வருடம் நான் தனியாக ஒரு பிளாட்டுக்குக் குடிபோனேன். அம்மா எனக்கென்று வாங்கிய ஒரு பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் வந்தார். வழியில், குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா அன்று சொன்னதை என்னிடம் சொன்னார். லண்டன் வருவதற்கு முன், களவாக ஆள் அனுப்பும் பயண ஏஜென்சிக்காரர்கள் அப்பாவையும் இன்னும் பத்துப் பேரையும் அந்த மலையில் பச்சைக் கேற்று வீட்டின் பரண் அறையில் வெளிப்பக்கமாகப் பூட்டி வைத்திருந்தார்களாம். ஒரு மாரிகாலம் முழுக்க. ரொட்டியும் தண்ணீரும் கொண்டுவருகிறவன் சத்தம் போடாதே என்பானாம். எப்போது விடுவாய் என்று கேட்டால் நாளைக்கு என்பானாம். அப்பா இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் அந்த மலைக்குப் போகிறார். பிளம்ஸ் ஜாம் செய்து போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து கிங்ஸ்பரி முழுக்கக் கொடுக்கிறார். கிங்ஸ்பரி வீட்டிலும் இப்போது கதவைச் சாத்திக்கொண்டுதான் குளிக்கிறார். மாமாவுக்குத்தான் சொல்லிச் சிரிக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

அந்தத் திங்கட்கிழமை இது ஒன்றும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போனதும் என் சிநேகிதியிடம் ஓடிப்போய், அப்பா எங்களுக்கு இன்னொரு வீடு வாங்கியிருக்கிறார், அதன் கதவை உள்ளே நின்றே பூட்டலாம், உள்ளே நின்றே திறக்கலாம் என்று பெருமையாகச் சொன்னேன். எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்று கேட்டாள் அவள். ஓம், அப்படித்தான், பிறகேன் அப்பா அதை அவ்வளவு பெரிதாகச் சொன்னார் என்று நானும் அவளும் மணியடிக்கும்வரை நின்று யோசித்தோம்.