பாக்கியத்தின் இரத்தத்தில் ஆண்டவர் காட்டிய அடையாளம்

என் மனைவி பாக்கியம் பிழைக்க மாட்டாள் என்று நானே முடிவு கட்டியிருந்த நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். தேவ ஜனங்களே, உங்கள் எல்லாருக்கும் என் அன்பின் வந்தனம்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்களில் ஓடுகிற பம்புசெட்டுகளில் என் கை படாத மோட்டார் குறைவு. படித்த எஞ்சினியர்கள் "இனி ஓடாது" என்று விட்ட மோட்டாருக்கு நான் செம்புக் கம்பியில் புதுக் காயில் சுற்றித் தண்ணீர் இறைக்க வைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்லுகிறேன். ஒருத்தர் தயவும் இல்லாமல் மேலே வந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அந்த வாயை ஆண்டவர் ஒரு வருஷம் அடைத்து வைத்தார்.

தொண்ணூற்றாறாம் வருஷம், பொங்கல் கழிந்த சமயம். மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான பிறகு பாக்கியத்துக்கு மறுபடியும் இரத்தம் போயிருக்கிறது. முந்தின வருஷமே தொடங்கியதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பல மாதம் மறைத்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்றவள் அப்படியே மயங்கி விழுந்தாள். டாக்டர்கள் பார்த்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ஆபரேஷன் செய்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, இனி கரண்டுதான் வைக்க வேண்டும் என்றார்கள்.

கதிர் சிகிச்சைக்கு நம் பக்கத்தில் அதுதான் பேர். கரண்டு என்றதும் எனக்குப் பாதி பயம் போனது. நம்ம தொழில்தானே!

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாசமான லெந்து காலம் தொடங்கியது. சபை நடுவே எழுந்து பொருத்தனை பண்ணினேன். "நாற்பது நாளும் எங்கள் வீட்டில் சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் வாயிலும் பருக்கை படாது" என்று சத்தமாகச் சொன்னேன். சபையார் ஆமென் என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாக்கியம் பெண்கள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

தினமும் முழங்காலில் நின்று ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, இவள் பிழைப்பாளா, மாட்டாளா? எனக்கு ஒரு அடையாளம் காட்டும்." சொப்பனம் வருமென்று பார்த்தேன். வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையில் வருமென்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அழுதேன். நான் அழுது அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

லெந்து மூன்றாம் வாரம் கரண்டு வைக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். நான் சும்மா இருப்பேனா?

"டாக்டரம்மா, இங்கன வோல்டேஜ் சரியா வருதா? எங்க பக்கம் பொழுது சாஞ்சா பல்பு மின்மினிப்பூச்சி மாதிரிதான் எரியும். வேணும்னா நானே லைனைப் பாத்துச் சொல்லுதேன்."

அந்தம்மா சிரித்தார்கள். "மிஷின்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. உங்க வீட்டம்மா உடம்புலதான் வோல்டேஜ் இல்ல."

ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். ஹீமோகுளோபின் ஏழரை என்று போட்டிருந்தது; பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். "கரண்டு கேக்குமா, கேக்காதான்னு முன்னாலயே ஓரளவு சொல்லலாம். கட்டியோட அளவு ஒண்ணு. இரத்தத்துலயும் ஒரு அடையாளம் இருக்கு. இரத்தம் குறைஞ்சா கட்டிக்குள்ள ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்துல கதிர் சரியா வேலை செய்யாது."

அடையாளம்! என் ஜெபத்தில் நான் கேட்ட அதே வார்த்தை.  வந்த அடையாளமோ கெட்ட அடையாளம்.

"அப்போ அவ பிழைக்க மாட்டாளா தாயி?"

"நான் அப்படியா சொன்னேன்? இது தீர்ப்பு இல்ல அண்ணாச்சி. இரத்தத்தைக் கூட்டிப் பாப்போம். கூட்டிட்டா கண்டிப்பா குணமாயிரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா இப்படியே விடக் கூடாது." பாக்கியத்தின் பக்கம் திரும்பினார்கள். "நீங்க என்னம்மா சாப்பிடுதீங்க?"

பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். "சாயங்காலம் கஞ்சி."

"பகல்ல?"

"இவுக சபையில சொல்லிட்டாக."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். "நோயில பாதி இரத்தம் போச்சு. மீதியப் பட்டினியில போட்டுட்டீங்களே அண்ணாச்சி!"

 நேரே குருவானவரிடம் போனேன். "பொருத்தனையை மீறலாமா ஐயா?" என்று கேட்டேன்.

"நீரு பொருத்தனை பண்ணினது உம்ம வயித்துக்கு. அந்தம்மா வயித்துக்கு உமக்கு யாருவே அதிகாரம் குடுத்தா?" என்றார்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் எழுந்து நின்றேன். "உபவாசம் எனக்கு மட்டும்தான். பாக்கியம் சாப்பிடுவாள். அவளைக் கேட்காமல் சொன்னது என் தப்பு" என்றேன். முட்டை, ஈரல், முருங்கைக்கீரை என்று நானே வாங்கி வந்து கொடுத்தேன். இரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் முதல் ஆளாகக் கையை நீட்டினேன். சேராத குரூப்பாம்.

"ஏளா, என் இரத்தம் உனக்குச் சேராதாம்" என்றேன்.

"முப்பது வருஷமா சேரலங்கத இப்பதான் கண்டுபிடிச்சாகளாக்கும்!" என்றாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். சபை வாலிபர்கள் இரண்டு பேர் வந்து இரத்தம் கொடுத்தார்கள். யார் தயவும் வேண்டாம் என்றவன் அவர்கள் கையைப் பிடித்துக் கும்பிட்டேன்.

இரத்தம் ஒன்பதானது, பத்தைத் தாண்டியது. கரண்டு தொடங்கினார்கள். வாராவாரம் அந்த டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்த பிறகுதான் பாக்கியத்தை மிஷினுக்கு அனுப்புவார்கள். என்ன படிப்பு, என்ன பொறுமை! மோட்டாரைத் தொட்டே கோளாறு சொல்லுகிறவன் நான். ஒரு சொட்டு இரத்தத்தில் இத்தனையும் வாசிக்கிற அந்தப் பெண் பிள்ளைக்கு முன்னால் நான் எம்மாத்திரம்? அந்தச் சொட்டுக்குள் எழுதி வைத்தவரை என்னவென்று துதிப்பேன்!

கரண்டு வைத்த நாலாவது வாரம் வயிற்றுப்போக்கு வந்து இரத்த அளவு மறுபடி இறங்கியது. "போதும், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள் பாக்கியம். அன்றைக்கு நான் அடையாளம் கேட்கவில்லை. "இவள் இந்த ஒரு கரண்டிச் சோற்றை முழுங்க பெலன் தாரும்" என்று மட்டும் ஜெபித்தேன். பைய ஊட்டினேன். முழுங்கினாள். மறுபடி இரத்தம் ஏற்றினார்கள், அளவு ஏறியது. கடைசியில் கர்ப்பப்பைக்குள்ளேயே கருவி வைத்துக் கொடுக்கிற கரண்டையும் தாங்கினாள்.

மூன்று மாதம் கழித்துச் சோதித்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார்கள். "கட்டி தட்டுப்படல அண்ணாச்சி." அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டேன்.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. சோதனைக்குப் போய் வருகிறோம், நோய் திரும்பவில்லை. பாக்கியம் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறாள். சத்தம் என்னைவிடக் கூடுதல்.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். அவர் பதில் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் வரும், அதை வாசிக்கத் தெரிந்தவர்களிடம் போங்கள். சகோதரிகளே, இரத்தம் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அண்ணாச்சிமாரே, இன்றைக்கு ஜெபத்துக்கு முன்னால் வீட்டுக்காரியிடம் "உனக்கு உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருங்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருமாக முழங்காலில் நில்லுங்கள்.