பதினேழாவது இடத்துப் பாலம்

சாலைத் துறை அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். எந்தச் சாலை முதலில், எந்தப் பாலம் காத்திருக்கலாம் என்று ஆண்டுதோறும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது அவர் வேலை. யார் சிபாரிசோடு வந்தாலும் மசியமாட்டார்.

அவருடைய அக்கா ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். இடையில் இருந்தது ஒரு தரைப்பாலம்தான். வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும். அப்போது ஆஸ்பத்திரிக்கு மலையைச் சுற்றித்தான் போகவேண்டும்.

"தம்பி, உயரமா ஒரு பாலம் கேட்டிருக்கோமே, அதை வரிசையில கொஞ்சம் மேல ஏத்திவிடேன்டா. உன் கையிலதானே இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"என் கையில இல்லக்கா. எத்தனை வண்டி போகுது, எவ்வளவு நேரம் மிச்சமாகுதுன்னு பாத்துத்தான் மார்க்."

"ஒழுங்கான பாலமே இல்லாத இடத்துல வண்டி எப்படிடா போகும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் விதியில் அதற்கு இடமில்லை. நகரத்துப் பெரிய சாலையை அகலப்படுத்தினால் ஆயிரக்கணக்கான கார்களுக்குச் சில நிமிடங்கள் மிச்சம். அது முதலிடத்துக்குப் போனது. அக்காவின் பாலம் பதினேழாவது.

அந்த மழைக்காலத்தில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தரைப்பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர். வேனில் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றினார்கள். பாதி வழியில், அக்காவின் மடியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அக்கா அவரிடம் வந்தாள்.

"உசுரு போனாலும் மார்க் உண்டாமே. உங்க மாமாவுக்கு எத்தனை போடுவே?"

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஒண்ணுமில்லக்கா. வண்டி மோதிச் செத்தாத்தான் கணக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழிக்கும் மதிப்பெண் வேண்டும் என்று அவர் மல்லுக்கு நின்றார். அவர் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. மேலதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா வீட்டுக்காரருக்காக விதிய மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க சார். வேற ஒருத்தர் இப்படிக் கேட்டா நீங்க விடுவீங்களா?"

விடமாட்டார். அது அவருக்கே தெரியும். உட்கார்ந்துவிட்டார்.

அக்கரையில் ஒவ்வொரு குடும்பமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. அக்காவும் மகளோடு போய்விட்டாள். தம்பி வீட்டு வாசலை மிதிக்க மறுத்துவிட்டாள். அடுத்த முறை ஆற்றங்கரையில் வண்டி எண்ணப் போனவர்களுக்கு எண்ண ஒன்றும் அகப்படவில்லை. பாலம் வரிசையிலிருந்தே விழுந்தது. விதிப்படி அதற்குக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார்.