தமிழ்த் தட்டின் ஒரே வாசகன்

ஒரு புத்தகத்தை ஒன்பது தடவை நூலகத்திலிருந்து இரவல் எடுத்து, ஒன்பது தடவையும் பதினேழாம் பக்கத்தைத் தாண்டாமல் திருப்பிக் கொடுத்தவன் நான். இதில் பெரிய வெட்கக்கேடு, அந்தப் புத்தகத்தைக் கடல் கடந்து லண்டனுக்கு வரவழைத்தவனும் நான்தான். பெரிய காவியம் ஒன்றின் உரை அது. தூக்கித் தலையணையாக வைத்தால் கழுத்து வலிக்கும்.

எண்பதுகளின் நடுவில் லண்டன் ஓரத்து ஹவுன்ஸ்லோவுக்கு வந்து சேர்ந்தேன். விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் வேலை. ஷிப்ட் முடிந்து காலையில் அறைக்கு வந்தால் மற்ற ஷிப்ட்காரர்கள் என் கட்டிலிலும் சேர்த்துப் படுத்திருப்பார்கள். அதனால் நேரே நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கே வெப்பம் இருந்தது, பேப்பர் இருந்தது. ‘ஏன் வந்தாய்?’ என்று என்னைக் கேட்காத ஒரே அரசாங்கக் கட்டடம் அதுதான்.

அங்கத்தவராகச் சேர, விலாசம் எழுதிய கடித உறை ஒன்று போதும் என்றார்கள். பெயர் எழுதிய எட்டுச் சின்ன அட்டைப் பைகள் தந்தார்கள். ஒரு புத்தகம் எடுத்தால், நமது அட்டைப் பை ஒன்றை வாங்கி, அந்தப் புத்தகத்தின் சீட்டை அதற்குள் செருகி, நீளமான மரத்தட்டில் அடுக்கி வைப்பார்கள். பிறகு புத்தகத்தின் முதல் தாளில், திருப்பித் தரவேண்டிய திகதியை ‘டப்’பென்று குத்துவார்கள். அந்தச் சத்தத்துக்காகவே தேவையில்லாததெல்லாம் எடுத்தேன். ரோஜாச் செடி வளர்ப்பது பற்றிக்கூட எடுத்தேன். என்னிடம் இருந்த நிலம் ஒரு ஜன்னல் விளிம்பு.

புத்தகம் மட்டுமல்ல. பாட்டுக் கசற் எடுக்கலாம். பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் இருந்தன. வீட்டைவிட்டு வர முடியாத முதியவர்களுக்கு நூலகத்து மோட்டார் வண்டியில் புத்தகம் போகும். கவுன்சில் படிவம் விளங்காவிட்டால் விளங்கப்படுத்த ஒரு மேசை இருந்தது. பஞ்சாபிப் புத்தகங்களுக்கென்று தனியாக மூன்று தட்டுகளும் இருந்தன. முதுகு கிழிந்து, மூலை மடங்கி, கல்யாண வீட்டுப் பாய் மாதிரி உழைத்துக் களைத்த புத்தகங்கள்.

நூலகர் ஐம்பது வயதைத் தாண்டிய ஆங்கிலப் பெண்மணி. சைக்கிளில் வருவார். காற்சட்டை சங்கிலியில் சிக்காமல் இருக்க மாட்டும் வளையத்தைக் கழற்ற மறந்து, நாள் முழுக்க ஒரு காலில் அதோடு நடப்பார். ஒருநாள் என்னிடம் வந்து, “தமிழுக்கும் ஒரு தட்டுத் தரலாம். உங்கள் ஆட்கள் என்ன வாசிப்பார்கள்?” என்று கேட்டார்.

‘தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ என்று ஒரு நல்ல மனிதன் சொல்லியிருப்பான். நான் பேச்சு ஒன்று நிகழ்த்தினேன். யாழ்ப்பாணத்தில் எரிக்கப்பட்ட நூலகத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டார். சொன்னது முழுக்க உண்மை. ஆனால், அந்தச் சாம்பலை எடுத்து என் நெற்றியில் பூசிக்கொண்டு, பெரிய அறிஞன் மாதிரி நின்றது மட்டும் என் சொந்த வேலை. “அப்படியானால் பட்டியலை நீங்களே தாருங்கள்” என்றார்.

நாற்பது புத்தகங்கள் எழுதினேன். காவிய உரைகள், இலக்கண உரைகள், தத்துவ விளக்கங்கள். வெள்ளைக்காரருக்கு முன்னால் தமிழை நிறுத்துவதென்றால் பட்டு வேட்டியோடுதானே நிறுத்தவேண்டும்? அவற்றில் நான் வாசித்தவை எத்தனை என்று அவர் கேட்கவில்லை. நல்ல பண்பாடு உள்ள பெண்மணி.

புத்தகங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தன. நானே நின்று அடுக்கினேன். அன்றைக்கு வந்தவர்களில் ஒரு அக்கா இருந்தார். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு நிரப்பும் சமையற்கூடத்தில் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒருமுறை பார்த்தார்.

“தம்பி, கதைப் புத்தகம் ஒண்டும் இல்லையோ?”

“இதெல்லாம் கதைதான் அக்கா. பெரிய கதை.”

“பெருசு எண்டு தெரியுது. இதைத் தூக்கிக்கொண்டு ஏறினால் பஸ்காரன் எனக்கு ரெண்டு டிக்கற் வெட்டுவான்.”

நான் சிரித்தேன், பாமரர்களைப் பார்த்து அறிஞர்கள் சிரிப்பது மாதிரி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். எங்கள் சனம் வந்தது. புத்தகங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. “அருமையான புத்தகங்கள்” என்றது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனது. பெரிய புத்தகத்தை வாசிக்க மாட்டேன் என்று எங்கள் ஆட்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என்னைப் போலவே. பஞ்சாபித் தட்டு உழைத்துத் தேய, தமிழ்த் தட்டு மாப்பிள்ளை மாதிரி கசங்காமல் நின்றது.

அடுத்த வருடம் மாரி காலத்தில் நூலகர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பங்குனி முடிவில் மேலிடத்திலிருந்து ஆள் வந்து திகதித் தாள்களைப் பார்ப்பார். முத்திரை விழாத புத்தகங்கள் வேறு பகுதி நூலகத்துக்குப் போய்விடும். தட்டு பஞ்சாபிக்குப் போகும்.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் பகிடி விடவில்லை.

“அப்ப இனிமேல் ஒரு நாளும் தமிழ்ப் புத்தகம் தரமாட்டினமோ?”

“கஷ்டம்தான் அக்கா.”

“என்ரை பிள்ளையள் வீட்டில இங்கிலீசு. வேலையில எனக்கு இங்கிலீசும் இல்லை, கை மட்டும்தான். ரெண்டு வரி தமிழ் வாசிக்க ஒரு இடம் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீர்தானே கொண்டு வந்தனீர், நீரே காப்பாத்தும்.”

காப்பாற்றினேன், என் புத்திக்கு எட்டிய விதத்தில். எட்டு அட்டைப் பைகள் இருந்தன அல்லவா? எட்டு எட்டாக எடுத்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை பெரிய பையோடு போய்ப் பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்தேன். டப், டப், டப். காவிய உரைக்கு மட்டும் ஒன்பது முத்திரை. மனச்சாட்சிக்காக ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, பதினேழில் நித்திரையாவேன். அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கட்டைச் செருகி அப்படியே விட்டுவிட்டேன்.

மாசி மாதம் ஒருநாள் நூலகர் அந்த மரத்தட்டைத் தூக்கி என் முன்னால் வைத்தார். தமிழ்ச் சீட்டுகள் எட்டும் வரிசையாக நின்றன, எட்டும் என் பெயர் எழுதிய பைக்குள்.

“தமிழ்த் தட்டுக்கு ஒரே ஒரு வாசகர்தான் இருக்கிறார்” என்றார். “பாவம், மிகவும் களைத்திருப்பார்.”

நான் தரையைப் பார்த்தேன். அவர் காலில் வளையம் இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. பேப்பர் வாசிக்கும் பழைய கூடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் பல ஊர் நூலகங்களில் ஒரு வழக்கம் இருந்ததாம். காலையில் பேப்பர் வந்ததும், குதிரைப் பந்தயச் செய்தியைக் கறுப்பு மை பூசி மறைத்துவிடுவார்களாம். தொழிலாளி நல்லதை மட்டும் வாசிக்கவேண்டும் என்று நிர்வாகக் குழுப் பெரிய மனிதர்கள் முடிவு செய்திருந்தார்களாம்.

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். “என்ன முட்டாள்கள்” என்றேன்.

அவர் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மை போத்தல் என் கையில்தான் இருந்தது.

“இன்னும் ஆறு வாரம் இருக்கிறது” என்றார். “புத்தகம் எடுக்காதவர்களிடம் போய்க் கேளுங்கள்.”

முதலில் அக்காவிடம் போய், ஒரே வாசகன் கதையை ஒளிக்காமல் சொன்னேன். பஸ் தரிப்பில் நின்றபடியே அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“துப்பறியிற கதை எழுதும். குடும்பக் கதை, அழுகிறது ரெண்டு, சிரிக்கிறது ரெண்டு. சமையல் புத்தகம் ஒண்டு.”

“அக்கா, நீங்கள் சமையற்கூடத்திலதானே வேலை?”

“அது சமையலோ? அதை வானத்தில வைச்சுத்தான் தின்ன ஏலும். எழுதும். பிள்ளைப்பேறு பற்றித் தமிழில ஒண்டு, என்ரை மச்சாள் மாசமாய் இருக்கிறாள், டொக்டர் சொல்லுறது அவளுக்கு விளங்கேல்லை.”

அது எழுதும்போது என் பேனை கொஞ்சம் மெதுவாகப் போனது. நாற்பது புத்தகங்களில் ஒன்றுகூட ஒருவருடைய வயிற்றுக்கும் உயிருக்கும் உதவுகிறதாக இல்லை என்று அப்போதுதான் கண்டேன்.

கோயில் வாசலில், கடையில், ஷிப்ட் மாறும் இடத்தில் என்று கேட்டுக்கொண்டே போனேன். கப்பலுக்குக் காத்திருக்க நேரமில்லை. நூலகர் மற்றப் பகுதி நூலகங்களுக்குத் தொலைபேசி எடுத்து, எங்கள் உரைநூல்களில் பாதியைக் கொடுத்து, அங்கிருந்த கதைப் புத்தகங்களை மாற்றி வாங்கினார். வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த கட்டுகளைச் சனம் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. நூலகர் அவற்றுக்கும் அட்டை போட்டு, திகதித் தாள் ஒட்டினார்.

மேலிடத்து ஆள் வந்த அன்று தட்டில் மூன்று புத்தகங்கள்தான் மிச்சம். மற்றதெல்லாம் வெளியே. வெறும் தட்டைப் பார்த்து அவர் முகம் சுளிக்க, நூலகர் மரத்தட்டைக் காட்டினார். அதில், தமிழ்ச் சீட்டுகளைச் சுமந்தபடி, முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். தட்டு பிழைத்துக்கொண்டது. அடுத்த வருடம் இன்னொரு தட்டும் கிடைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணினி வந்தது. முத்திரைச் சத்தம் போனது. அந்தச் சமயத்தில் ஒருநாள் அக்கா இரண்டு கையாலும் அந்தக் காவிய உரையைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசையில் போட்டார். கதைப் புத்தகமெல்லாம் வாசித்து முடித்துவிட்டாராம். வேறு வழியில்லாமல் இதை எடுத்து, மூன்று மாதமாக முழுக்க வாசித்தாராம்.

“என்ன அக்கா, எப்படி?” என்றேன், உரையாசிரியரே நான்தான் என்கிற தோரணையில்.

அவர் பழுப்பேறிய பஸ் டிக்கட் ஒன்றை என் கையில் வைத்தார்.

“கதை பதினெட்டாம் பக்கத்திலதான் தொடங்குது, தம்பி. முன்னுரையைத் தாண்டாத நீரோ எங்களுக்குப் புத்தகம் தெரிவு செய்தனீர்?”