சாகத் தெரியாத பாதிரி

நாடகத்தில் ராஜாவுக்கு மாலை விழும், திருடனுக்குக் கல் விழும். பாதிரி வேஷக்காரனுக்கு எது விழும் என்று கடவுளுக்கே தெரியாது. மேடையேறி மானம் போன சகோதரர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

வேஷம் கிடைத்தது

மலாயாவில் பேராக் மாநிலத்துச் சிலிபினில் எங்கள் நாடக வாத்தியார் ஒரு பழைய அமெரிக்க நாவலைப் படித்துவிட்டு நாடகமாக்கினார். ஊரே கும்பிடும் பாதிரி. ஒருத்தியின் குழந்தைக்குத் தகப்பன் அவர்தான், ஆனால் வாய் திறக்க மாட்டார். ஊர் அவளை மட்டும் நிறுத்தி வைத்து ஏசும். கடைசியில் பாதிரி எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாவார். "அந்தச் சாவுக்குச் சனம் அழணும். அழலேன்னா நீ திரும்பத் திரைக் கயிறு இழுக்கப் போயிடு" என்றார் வாத்தியார். நானும் ஒரு வாரம் வீட்டில் விழுந்து விழுந்து செத்துப் பழகினேன்.

என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. கதாநாயகி வேஷம் கட்டிய மாட்டுவண்டிக்கார ராமையா அண்ணன்தான் தேற்றினார்: "நீ பேசறது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல தம்பி. குத்தம் பண்ணவன் அப்படித்தான் பேசுவான். நல்லாத்தான் இருக்கு லா!"

ஹுத்தான் மெலிந்தாங்கில்

ஊர் ஊராய்ப் போட வேண்டிய நாடகத்துக்கு இதுதான் முதல் ஊர். திரை தூக்கும் முன் அங்கியை மாட்டிக்கொண்டு காற்று வாங்க வெளியே வந்தேன். ஒரு மீன்காரர் கையைப் பிடித்துப் படகுத்துறைக்கு இழுத்துப்போய்விட்டார். புதுப் படகாம், சாமி மந்திரிக்க வேண்டுமாம். நான் நடிகன் என்றேன். அடக்கம் என்று நினைத்து இன்னும் குனிந்து கும்பிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசிக் காட்சி வசனம்தான். "பாவி நானே! அவளை விட்டுவிடுங்கள்!" என்று படகைத் தொட்டுக் கதறினேன். திரும்பி ஓடி வருவதற்குள், பாதிரி யாத்திரை போய்விட்டதாகச் சொல்லி வாத்தியார் நாடகத்தையே முடித்துவிட்டார்.

மறுநாள் பஸ் ஏறும்போது மீன்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மந்திரமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சாமி. நீங்க பண்ண பாவத்துக்கு என் படகு என்ன பண்ணும்?"

தாப்பாவில்

முதல் காட்சி. ராமையா அண்ணன் பொம்மைக் குழந்தையோடு தலைகுனிந்து நிற்க, ஊரார் ஏச, நான் கதைப்படி சும்மா நிற்கிறேன். முன்வரிசை அக்கா ஒருத்தி எழுந்தாள். "யோவ் வெள்ளை அங்கி! நீ முழிக்கிற முழியே சரியில்ல. வாயத் தொற!" என்றாள். பின்னாலிருந்து நாலு பேர் சட்டைக் கையை மடித்தார்கள். பயத்தில் அங்கேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். அதற்குமேல் நாடகத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. திரை விழுந்துவிட்டது. சாவதற்குக்கூட இடம் இல்லை.

வாத்தியார் என்னைப் பார்த்த பார்வை, அடுத்த ஊர்தான் எனக்குக் கடைசி என்றது. பெஞ்சு கொடுத்திருந்த கடைக்கார ராவுத்தரோ பொறுமையாகவே சொன்னார்: "முழு நாடகத்துக்குல்ல பெஞ்சு குடுத்தேன் தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

கித்தாத் தோட்டத்தில்

ரப்பர் மரங்களுக்கு நடுவே மேடை. இந்தத் தடவை யார் கத்தியும் நான் அசையவில்லை. கடைசிக் காட்சிவரை வந்தாயிற்று. ஒப்புக்கொண்டேன். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். திரை ஓரத்தில் வாத்தியாரே கண்ணைத் துடைத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயப் போனேன்.

பெரிய கங்காணி மேடையில் ஏறிவிட்டார். தோட்டத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தால் பஞ்சாயத்து அவர்தான். ஒப்புக்கொண்டவன் அன்றைக்கே தாலி கட்டியாக வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மஞ்சள் கயிறு ஓடி வந்தது. சனம் அரிசி தூவ, சேலைத் தலைப்பால் சிரிப்பை மூடிக்கொண்டு ராமையா அண்ணன் கழுத்தை நீட்டினார். கட்டினேன். சரி, கடமை முடிந்தது, இனியாவது சாகலாம் என்று மறுபடி நெஞ்சைப் பிடித்தேன்.

கங்காணி என் அங்கியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்: "கட்டுன சூட்டோட செத்து, அந்தப் புள்ளையத் தாலியறுக்க வைக்கலாம்னு பாக்கிறியா? ஒழுங்கா நின்னு குடும்பம் நடத்துடா!"

கல்யாண நாடகம் எங்களுக்கும் வேண்டும் என்று பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வர, சாவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட நான் இன்றுவரை ஒரு தடவைகூடச் சாகாமல், பேராக் முழுக்க ராமையா அண்ணனுக்குத் தாலி கட்டிக்கொண்டிருக்கிறேன்.